ஜெர்சியில் கம்பெனி பெயர், கடிதத்தில் 3.2 சதவீதம்: நமக்கு என்னென்ன வழிகள்?

சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை செய்கிறேன். அந்த வியாழக்கிழமை இரண்டு மெயில் வந்தன. காலை பதினொரு மணிக்கு வந்தது ஹைக் கடிதம், அதாவது வருடாந்திரச் சம்பள உயர்வு. 3.2 சதவீதம். அதிலும் ஒரு பங்கை, கூடிக் குறையக்கூடிய வேரியபிள் பே பெட்டிக்குள் தள்ளியிருந்தார்கள். வரி, பிஎஃப் எல்லாம் போகக் கையில் கூடுவது மாதம் 1,900 ரூபாய் சொச்சம். அதே மாதம்தான் பெரும்பாக்கத்தில் வீட்டு ஓனர் வாடகையில் 1,500 ஏற்றியிருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு இரண்டாவது மெயில். நம் கம்பெனி ஒரு சர்வதேச விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பான்சர் ஆகிறது, எல்லோருக்கும் பெருமையான தருணம், கேன்டீன் பக்கத்தில் டி-ஷர்ட் கொடுக்கிறார்கள், சைஸைப் பதிவு செய்துகொள்ளவும்.

சாயங்காலம் சோழிங்கநல்லூர் டீக்கடையில் என் டீமில் இருக்கும் தேனிக்காரத் தம்பி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னான்: "நம்ம ஹைக்கைத்தாண்ணா டி-ஷர்ட்டாத் தைச்சுக் குடுத்துட்டாங்க."

சிரித்தோம். ஆனால் வயிற்றெரிச்சல் போகவில்லை. அடுத்த சில வாரங்கள் எங்களுக்குள் இதே பேச்சுதான்: புலம்பிவிட்டு விடுவதா, மீட்டிங்கில் கேட்பதா, மேனேஜரிடம் தனியாகப் பேசுவதா, சங்கத்தில் சேர்வதா, பேப்பர் போட்டு ராஜினாமா செய்வதா? ஒவ்வொன்றையும் நானோ என் பக்கத்து சீட்டில் இருப்பவரோ செய்து பார்த்திருக்கிறோம். அதை வைத்து எழுதுகிறேன். எங்கள் கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. கணக்குப் போடுவதற்கு ஊரறிந்த கம்பெனிகளின் எண்களே போதும்.

முதலில் அந்தக் கணக்கு. அதைப் போடாமல் எந்த வழியில் இறங்கினாலும் தப்பான ஆளிடம் போய்த் தப்பான கேள்வியைக் கேட்டுவிட்டு வருவோம்.

ஐபிஎல் டைட்டில் ஸ்பான்சர்ஷிப்பை, அதாவது போட்டியின் பெயரோடு தன் பெயரைச் சேர்க்கும் உரிமையை, 2024 முதல் 2028 வரை டாடா குழுமம் எடுத்திருக்கிறது. மொத்தம் 2,500 கோடி, ஆண்டுக்கு 500 கோடி. கேட்டவுடன் தலை சுற்றும் தொகை. அந்தக் குழுமத்தில் வேலை செய்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 500 கோடியை அப்படியே பிரித்துக் கொடுத்தாலும் ஆளுக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய்கூட முழுதாக வராது. மாதக் கணக்கில் நானூறு ரூபாய் சொச்சம், இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டால் தீர்ந்தது. தம்பிக்கு இதைக் கால்குலேட்டரில் போட்டுக் காட்டியபோது கொஞ்சம் ஏமாந்துதான் போனான்.

சரி, அப்படியானால் கோபம் அநியாயமானதா? இல்லை. கோபம் சரி, அது போய் விழுகிற இடம்தான் தப்பு. அதே குழுமத்தின் ஐடி கம்பெனியான டிசிஎஸ் 2024-25 நிதியாண்டுக்கு அறிவித்த டிவிடெண்ட், அதாவது பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் லாபப் பங்கு, பங்கு ஒன்றுக்கு 126 ரூபாய். கிட்டத்தட்ட 362 கோடி பங்குகள். பெருக்கிப் பாருங்கள், 45,000 கோடியைத் தாண்டுகிறது. அங்கே வேலை செய்பவர்கள் சுமார் ஆறு லட்சம் பேர். தலைக்கு ஏழரை லட்சம் ரூபாய்! காலேஜ் முடித்துச் சேரும் ஒரு பையனின் இரண்டு வருடச் சம்பளம். அந்த டிவிடெண்டில் எழுபது சதவீதத்துக்கு மேல் குழுமத்தின் தாய் கம்பெனியான டாடா சன்ஸுக்குப் போகிறது, டாடா சன்ஸில் மூன்றில் இரண்டு பங்கு அறக்கட்டளைகளின் கையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணம் யாரோ ஒருவரின் சொகுசுக் கப்பலுக்குப் போகவில்லை. இருந்தாலும் சம்பளத்துக்கு வராமல் போகும் பணம் எந்த வாசல் வழியாகப் போகிறது என்று கேட்டால் பதில் அதுதான். ஸ்பான்சர்ஷிப் கண்ணில் படுகிறது, டிவிடெண்ட் படுவதில்லை. டிவிடெண்டுக்கு யாரும் டி-ஷர்ட் அடிப்பதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐடி சேவைக் கம்பெனிகளில் வருமானத்தில் பாதிக்கு மேல் சம்பளத்துக்கே போகிறது. டிசிஎஸ் அளவுள்ள கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே ஒரு சதவீதம் கூட்டினால்கூட வருடத்துக்கு ஆயிரத்து நானூறு கோடிக்கு மேல் ஆகும். அதுவும் ஒருமுறையோடு முடியாது, வருடா வருடம் தொடரும். நிதிப் பிரிவுக்காரர்கள் ஹைக் என்றால் கையை இறுக்குவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு காரணம் மட்டும் எனக்குத் தொண்டைக்குள் இறங்குவதில்லை. "சந்தை நிலவரம் தெளிவாக இல்லை, அதனால் ஹைக்கைத் தள்ளி வைக்கிறோம்." 2025 ஏப்ரலில் டிசிஎஸ் இப்படித்தான் தள்ளி வைத்தது. ஜூலையில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. பிறகு செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு உயர்வு கொடுத்தது. நியூயார்க் மாரத்தானுக்கு 2014-லிருந்து டைட்டில் ஸ்பான்சராக இருக்கிற அதே கம்பெனி, அந்த ஒப்பந்தத்தை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அடுத்த மூன்று மாதம் தெரியவில்லை என்பவர்களுக்கு 2029 மட்டும் தெளிவாகத் தெரிகிறது. 2023-இல் இன்ஃபோசிஸ் ஏப்ரலில் வரவேண்டிய உயர்வை நவம்பருக்குத் தள்ளியது. நடுவில், ஆகஸ்டில், டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலை மூன்று வருடத்துக்கு விளம்பரத் தூதராக ஒப்பந்தம் செய்தது. இரண்டும் வேறு வேறு பட்ஜெட் என்பது புரிகிறது. ஒரே இன்பாக்ஸில் வந்து விழுகிறதே!

இந்தக் கம்பெனிகள் விளையாட்டில் பணம் போடுவது ரசிகர்களுக்காக இல்லை. ஒரு அமெரிக்க வங்கியின் டெக்னாலஜி தலைவரை நியூயார்க்கில் மாரத்தான் வாரத்தில் விருந்துக்குக் கூப்பிடலாம், பாரிஸில் டென்னிஸ் பார்க்க உட்கார வைக்கலாம். அப்படி நல்ல சீட்டில் உட்கார்ந்தவர் ஐந்து வருட புராஜெக்டில் கையெழுத்துப் போட்டால் அந்தச் செலவு ஈடாகிவிடும். எங்கள் புராஜெக்டே அப்படி ஒரு கோல்ஃப் மைதானத்தில் பிறந்ததுதான் என்று ஒரு டெலிவரி ஹெட் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோல்ஃப் குச்சியை நான் நேரில் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது லாபம் பார்க்கும் கம்பெனிகளின் கதை. நஷ்டத்தில் ஓடும் கம்பெனி ஜெர்சியில் பெயர் போட்டால் விஷயமே வேறு. ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸை நினைத்துப் பாருங்கள். இந்திய அணியின் ஜெர்சி, 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு ஸ்பான்சர். அந்த அக்டோபரில் 2,500 பேரை, அதாவது 5 சதவீதத்தினரை, வேலையை விட்டு நீக்குவதாக அறிவிப்பு வந்தது. நவம்பர் முதல் வாரத்தில் மெஸ்ஸி தூதர் என்று அடுத்த அறிவிப்பு. 2024 தொடக்கத்தில் சம்பளமே தாமதமானது. 158.9 கோடி பாக்கிக்காக கிரிக்கெட் வாரியம் தீர்ப்பாயத்துக்குப் போக, அந்த ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. இப்படிப்பட்ட கம்பெனியில் ஸ்பான்சர்ஷிப் அறிவிப்பைப் பார்த்தால் கோபப்பட நேரமில்லை, ரெஸ்யூமே எடுத்துத் தூசு தட்ட வேண்டிய நேரம் அது. கீழே நான் சொல்லும் ஒப்பீடெல்லாம் அங்கே பொருந்தாது. ஒரே வழிதான், கிளம்புவது. பிஎஃப் பணம் மாதா மாதம் கணக்கில் ஏறுகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

லாபக் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இனி ஒவ்வொன்றாக.

புலம்புவது

இலவசம். அதனால்தான் எல்லோரும் இதிலிருந்து தொடங்குகிறோம். ஒரு வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் அதே டீ, அதே வாட்ஸப் குரூப், அதே மீம். கம்பெனி மடிக்கணினியில் கம்பெனி சாட்டிலேயே புலம்பாதீர்கள், அவ்வளவுதான் என் ஆலோசனை.

டவுன்ஹாலில் கேட்பது

டவுன்ஹால் என்பது மேலிடத்தார் எல்லா ஊழியர்களோடும் பேசும் கூட்டம். எங்கள் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் காட்டாமல் கேள்வி கேட்கலாம் என்று ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். "ஸ்பான்சர்ஷிப்புக்குப் பணம் இருக்கிறது, ஹைக்குக்கு ஏன் இல்லை?" என்று யாரோ ஒருவர் போட்டார். பத்து நிமிடத்தில் 340 ஓட்டு விழுந்து அந்தக் கேள்வி மேலே ஏறியது. பதினோராவது நிமிடம் திரையைப் பார்த்தால் காணோம். அதற்கடுத்து இருந்த, புது ஆபீஸில் ஜிம் எப்போது திறக்கும் என்ற கேள்விக்கு நான்கு நிமிடம் பதில் சொன்னார்கள்.

கேள்வியை அழித்தது தப்புதான். ஆனால் இப்போது யோசித்தால் கேள்வியும் பலவீனமானது என்று தோன்றுகிறது. "அது மார்க்கெட்டிங் பட்ஜெட், இது வேறு" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம், அது பொய்யும் இல்லை. அதே இடத்தில் வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்: கடந்த மூன்று வருடத்தில் டிவிடெண்டும் பைபேக்கும் (கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கும் செலவு) எத்தனை சதவீதம் கூடின, சராசரி ஹைக் எத்தனை சதவீதம்? எண்ணோடு கேட்டால் எண்ணோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

விளையாட்டுச் செலவை நிறுத்துங்கள் என்று கேட்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2009-இல் அமெரிக்காவில் நடந்த ஒன்று நல்ல உதாரணம். நார்தர்ன் டிரஸ்ட் என்ற சிகாகோ வங்கி அரசிடம் சுமார் 1.6 பில்லியன் டாலர் மீட்பு நிதி வாங்கியிருந்தது. 450 பேரை வேலையிலிருந்து நீக்கவும் முடிவு செய்திருந்தது. அந்தப் பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் தன் பெயரில் கோல்ஃப் போட்டியும், வாடிக்கையாளர்களுக்குப் பாட்டுக் கச்சேரியோடு விருந்தும் நடத்தியது. நாடாளுமன்ற உறுப்பினர்களே கொதித்தெழுந்து பணத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். ஜூனில் வங்கி அரசுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. கோல்ஃப் போட்டி மட்டும் 2016 வரை அதே பெயரில் நடந்தது. நாடாளுமன்றமே சத்தம் போட்டும் நிற்காதது, நம் லிங்க்கில் விழும் 340 ஓட்டுக்கா நிற்கும்?

மேனேஜரிடம் தனியாகப் பேசுவது

நான் எடுத்தது இந்த வழியைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டுக்கடன் இருக்கிறது, பெண் இரண்டாவது படிக்கிறாள், அம்மாவின் மருத்துவக் காப்பீடு கம்பெனி பாலிசியில் ஓடுகிறது. சட்டென்று கிளம்ப முடியாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் மேனேஜர் கையில் பணம் கிடையாது. மேலிருந்து ஒரு மொத்தத் தொகை வரும், அதை ரேட்டிங்படி பிரிக்க வேண்டும், ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும். அவரிடம் போய் ஸ்பான்சர்ஷிப்பைப் பற்றிப் பேசுவது பஸ் கண்டக்டரிடம் டீசல் விலையைக் கேட்பது மாதிரி. அவரும் அதே 3.2 வாங்கியவராகத்தான் இருப்பார்.

ஆனால் சில விஷயங்கள் அவர் கையில் இருக்கின்றன. எந்த புராஜெக்ட், எந்த ரோல், பிரமோஷன் பட்டியலில் பெயர் போகுமா, வருட நடுவில் சம்பளத் திருத்தத்துக்குப் பரிந்துரை எழுதுவாரா, இதெல்லாம். அதுவும் கடிதம் வந்தபிறகு கேட்டுப் பயனில்லை. ரேட்டிங் முடிவாவதற்கு இரண்டு மாதம் முன்பே கேட்க வேண்டும். நான் கடிதம் வந்த கோபத்தில் மறுநாளே போய் உட்கார்ந்து, அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து புலம்பிவிட்டு வந்தேன். அது வீண். மறுபடி நான்கு மாதம் கழித்து மூன்று காகிதத்தோடு போனேன். கிளையண்ட் அனுப்பிய இரண்டு பாராட்டு மெயில், நான் பார்க்கும் வேலைக்கு வெளியே என்ன சம்பளம் போகிறது என்று இரண்டு ரெக்ரூட்டர்கள் சொன்ன எண், அப்புறம் என் பில்லிங்.

பில்லிங் கணக்கு ரொம்பப் பேருக்குத் தெரிவதில்லை, தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்காகக் கிளையண்ட் மணிக்கு 25 டாலர் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 160 மணி நேரம், 4,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 3 லட்சத்து 40 ஆயிரம். உங்கள் சம்பளம் 80,000. மிச்சம் எல்லாம் லாபமில்லை. புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர் சம்பளம், கட்டடம், கேப், விற்பனைப் பிரிவு, ஏன், அந்த மாரத்தானும் அதிலிருந்துதான். ஆனாலும் நம்மை இழந்தால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை இதைவிட நேராகச் சொல்லும் எண் வேறில்லை.

எனக்கு ரோல் மாறியது, ஆறு மாதம் கழித்து 6 சதவீதம் திருத்தம் வந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். என் நண்பர் ஒருவர் இதே மாதிரி போய்க் கேட்டு "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லோடு ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறார்.

சங்கம்

ஐடியில் சங்கமா என்று சிரிப்பவர்கள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டில் ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கச் சட்டத்தடை எதுவும் இல்லை என்பதை மாநில அரசு 2016-லேயே தெளிவாக்கிவிட்டது. 2014-15-இல் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தபோது சென்னையில்தான் ஐடி ஊழியர்கள் முதலில் திரண்டார்கள். கட்டாய ராஜினாமா, ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைப்பது, செட்டில்மென்ட் தராமல் இழுப்பது, இதற்கெல்லாம் சங்கத்துக்குப் போனவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் ஹைக் சதவீதத்தை மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசி வாங்கும் பலம் இங்கே எந்த ஐடி சங்கத்துக்கும் இன்னும் வரவில்லை. உறுப்பினராகச் சேரவே பயப்படுகிறோம், பலம் எங்கிருந்து வரும்?

அந்தப் பலம் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஓஎம்ஆரிலிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டியில் போனால் போதும். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலை. 1998 முதல் ஒலிம்பிக்கின் உலகளாவிய ஸ்பான்சர் சாம்சங். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆகஸ்டில் முடிந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி இங்கே ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிறவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். சராசரி மாதச் சம்பளம் சுமார் 25,000 என்றும், மூன்று வருடத்தில் 36,000 ஆக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். ஒலிம்பிக் செலவைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. சம்பளத்தோடு, சங்கத்தை அங்கீகரி, எங்களோடு உட்கார்ந்து பேசு என்றுதான் கேட்டார்கள். 37 நாள் சம்பளம் இல்லை, கைது நடந்தது, அடுத்த பிப்ரவரியில் சிலரை இடைநீக்கம் செய்து மறுபடியும் பிரச்சினை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மே மாதம் ஒப்பந்தம்: மூன்று வருடத்தில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் உயரும், அதில் 9,000 முதல் வருடத்திலேயே.

என்னுடைய ஆறு சதவீதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு ஷிஃப்ட் நின்றால் லைன் நின்றுவிடும். நம் வேலையைப் புனேயிலிருந்தோ மணிலாவிலிருந்தோ ஒருவர் அன்று இரவே லாகின் செய்து பார்த்துவிடலாம். அந்த வித்தியாசத்தையும் மறைக்க விரும்பவில்லை. சேருங்கள், சந்தா கட்டுங்கள். ஆனால் வேலை போகும் நிலை வந்தால் கைகொடுக்கும் காப்பீடாக இப்போதைக்கு அதை நினைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஏப்ரல் ஹைக்குக்கான வழியாக நினைக்காதீர்கள்.

பேப்பர் போடுவது

வேகமாகப் பணம் கூடும் வழி இதுதான், இதில் சந்தேகமில்லை. ஆனால் 2022 போன்ற காலம் இப்போது இல்லை. அந்த ஜூனில் இன்ஃபோசிஸில் வருடத்துக்கு 28 சதவீதம் பேர் வெளியேறிக்கொண்டிருந்தார்கள், டிசிஎஸ்ஸில் செப்டம்பரில் 21.5 சதவீதம். கையில் மூன்று ஆஃபர் வைத்துக்கொண்டு ஏலம் விட்டவர்கள் உண்டு. பிறகு அந்த விகிதம் பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. கிளம்ப இடமில்லாவிட்டால் யாரும் கிளம்புவதில்லை, யாரும் கிளம்பாவிட்டால் ஹைக் கொடுக்க அவசரமும் இல்லை. 3.2 சதவீதத்தின் உண்மையான காரணம் இந்த ஒரு வரிதான். மாரத்தானும் டென்னிஸும் அதற்கு வெகு தூரத்தில் இருக்கின்றன.

மூன்றிலிருந்து ஏழு வருட அனுபவம், கடன் இல்லை, கையில் ஓடுகிற ஸ்கில் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆஃபர் லெட்டரில் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் சிடிசியைப் பார்க்காதீர்கள், நிலையான மாதச் சம்பளத்தைப் பாருங்கள். 90 நாள் நோட்டீஸை புதுக் கம்பெனி ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஐந்து வருடம் முடிய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால் கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) பொறுத்துக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள், அதிலும் ஆட்களை மேய்க்கும் வேலையில் மட்டும் இருப்பவர்கள், வெளியே போய் இரண்டு இன்டர்வியூ கொடுத்துப் பார்க்காமல் பேப்பர் போடவே வேண்டாம். ஆட்குறைப்பில் முதலில் கைவைப்பது அந்த அடுக்கில்தான்.

தம்பி போன மாதம் பேப்பர் போட்டுவிட்டான். கிண்டியில் ஆபீஸ், 18 சதவீதம் கூட. புதுக் கம்பெனி எந்த விளையாட்டுக்கு ஸ்பான்சர் என்று கேட்டேன். "தெரியலண்ணா, பாக்கவே இல்ல" என்றான். நோட்டீஸில் இன்னும் 41 நாள் பாக்கி. திங்கட்கிழமை அந்த ஸ்பான்சர் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஏண்டா என்றேன்.

"துணி நல்லா இருக்குண்ணா."